டெட் பாஸ் ஆனவர்தான் வாத்தியாரா? (மறுபடியும் அந்த 2,448)

ராயபுரம் ராஜாளி:
மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பெயிண்ட், ஸ்மார்ட் கிளாஸ், காலை உணவு எல்லாம் வந்தாச்சு. வராதது நல்ல வாத்தியார்தான். 2012 ஜூலையில் நடந்த முதல் டெட்டை, அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வை, ஆறு லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள், பாஸ் ஆனது 2,448 பேர். நம்ம ஆசிரியர்களின் லட்சணம் இது. டெட் பாஸ் ஆகாதவர்களை வீட்டுக்கு அனுப்பினால் வடசென்னைப் பள்ளிகள் ரெண்டே வருஷத்தில் மாறிவிடும். உச்ச நீதிமன்றமே 2025 செப்டம்பரில் சொல்லிவிட்டது.

சாக்பீஸ் டீச்சர்:
அந்த 2,448-ஐ இன்னும் எத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு திரிவீர்கள்? அந்தத் தேர்வுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. கேள்வி 150. கேள்விக்கு 36 விநாடி, அதற்குள் படிக்கணும், யோசிக்கணும், ஓஎம்ஆர் தாளில் வட்டத்தையும் கருப்பாக்கணும். அதே வருஷம் அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு வைத்தார்கள், தேர்ச்சி பல மடங்கு ஏறியது. மூணு மாசத்தில் எல்லாருக்கும் அறிவு முளைத்துவிட்டதா? அதோடு அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் வேலை தேடியவர்கள். பள்ளியில் இருந்த ஆசிரியர்களின் லட்சணம் அதில் எங்கே தெரிந்தது?

ராயபுரம் ராஜாளி:
நேரம் போதவில்லை என்பது ஒன்பதாம் வகுப்புப் பையன் சொல்கிற சாக்கு, டீச்சர். அந்த 2,448 பேருக்கும் அதே ஒன்றரை மணி நேரம்தானே?

நாலாம் பெஞ்ச்:
ராஜாளி அண்ணனுக்கு 36 விநாடி கொடுத்து ஒரு பதிவு எழுதச் சொல்லுங்கப்பா. நமக்கும் நிம்மதி.

சாக்பீஸ் டீச்சர்:
தீர்ப்பையும் ஒழுங்காகப் படியுங்கள். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் ரெண்டு வருஷத்துக்குள் பாஸ் ஆகணும் என்கிறது. அதற்கும் குறைவாக இருப்பவர்கள் டெட் இல்லாமலே தொடரலாம், பதவி உயர்வுதான் கிடையாது. உடனே வீட்டுக்கு அனுப்பு என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?
என் வகுப்புக்கு ஒரு நாள் வாருங்கள். மூன்றாம் வகுப்பு, 34 பிள்ளைகள், அதில் ஐந்து பேர் ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்தச் சொல்கிறார்கள், நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழே காதில் விழாத பையன் எந்த அரும்பு? 29சி பஸ் போர்டில் இருக்கிற ‘பெரம்பூர்’ வைத்துத்தான் அவனுக்கு ‘பெ’ பழக்கினேன். பதினோரு நாள் ஆச்சு. அதில் ரெண்டு நாள் நான் வாக்காளர் பட்டியல் வேலையில் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் உங்கள் ஒன்றரை மணி நேரத் தேர்வு அளந்துவிடுமா?

முன்னாள் ஃபெல்லோ:
ரெண்டு பேருமே ஆளெடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், எடுத்தபிறகு யார் வளர்ப்பது? நான் ரெண்டு வருஷம் மாநகராட்சிப் பள்ளியில் ஃபெல்லோவாக (குறுகிய காலம் பாடம் நடத்த வருபவர்) இருந்தேன். என் வழிகாட்டி ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘கேள்வி கேட்டதும் நீயே பதில் சொல்லிவிடுகிறாய்’ என்பார். அந்த ஒரு வரி எனக்கு எந்தப் பயிற்சியிலும் கிடைக்கவில்லை. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2016-ல் அனுபவமுள்ள ஆசிரியர்கள் 200 பேரை இப்படி வழிகாட்டும் மென்டர்களாக எடுத்து, ஆளுக்கு ஐந்தாறு பள்ளிகளுக்கு அனுப்பினார்கள்.

சாக்பீஸ் டீச்சர்:
சிஆர்சி என்கிற ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் ஸ்லைடு ஓட்டுவதைவிட அது நல்லதுதான் தம்பி. ஆனால் ரெண்டு வருஷம் முடிந்ததும் நீங்கள் எங்கே போனீர்கள்? நான் பத்தொன்பது வருஷமாக அதே ஏரியாவில் இருக்கிறேன்.

முன்னாள் ஃபெல்லோ:
நான் எங்கே போனேன் என்பதா இப்போது கேள்வி?

ராயபுரம் ராஜாளி:
பத்தொன்பது வருஷமா! அப்படியென்றால் டெட்டே எழுதாமல் உள்ளே வந்தவர். இப்போது புரிகிறது கோபம் எங்கிருந்து வருகிறது என்று.

சாக்பீஸ் டீச்சர்:
நான் வந்தபோது டெட் என்ற ஒன்றே கிடையாது ஐயா, கல்வி உரிமைச் சட்டமே 2009-ல்தான். 2013-ல் பாஸ் ஆனவர்கள் கதை தெரியுமா? பல பேர் சான்றிதழை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். 2018-ல் அரசாணை 149 போட்டு, டெட் மட்டும் போதாது, நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்றார்கள். பாஸ் ஆனவர்களைத்தான் வைக்கணும் என்கிறீர்களே, பாஸ் ஆனவர்களை வைத்தார்களா?

நாலாம் பெஞ்ச்:
அண்ணன் பையன் எந்த ஸ்கூலில் படிக்கிறான் என்று போன மாசம் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை. 36 விநாடி எப்போதோ முடிந்துவிட்டது.

ராயபுரம் ராஜாளி:
என் பையன் எங்கே படித்தால் உனக்கென்ன? அந்தக் குடிநீர் பதிவில் மூக்குடைபட்டதிலிருந்து என் பின்னாலேயே சுற்றுகிறாய். 2,448. அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்ல மாட்டீர்கள்.

சாக்பீஸ் டீச்சர்:
ஒன்றரை மணி நேரம். மேலே போய் முதலிலிருந்து படியுங்கள். எனக்கு எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) வருகைப் பதிவு போடணும், ஆப் இப்போதுதான் திறந்திருக்கிறது.