தோற்காத 1972 டால்ஃபின்ஸ்: கிரீஸியின் பெயர் மட்டும் ஏன்?

மைதான_ஓரம் கேட்டது:

என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்க ஆரம்பித்தது சமீபத்தில்தான், அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் மயாமி டால்ஃபின்ஸ் அணி லீக்கில் 14, அதற்குப் பின் வரும் நாக்-அவுட் சுற்றான பிளே-ஆஃபில் 3 என்று ஆடிய 17 ஆட்டத்தையும் வென்றது. இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் வாஷிங்டனை 14-7 என்று வென்றபோது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி. ஆனால் பழைய கணக்கைப் பார்த்தால் லீக்கில் அவர் தொடக்கம் முதல் இறங்கியது ஐந்து ஆட்டத்தில்தான். மீதியை ஆடியது யார்? அவர் பெயர் ஏன் காதில் விழுவதே இல்லை?

நாலாவது_டவுன் எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அவர் பெயர் ஏர்ல் மோரல். அப்போது வயது 38.

ஐந்தாவது ஆட்டம் சான் டியாகோ சார்ஜர்ஸோடு. அதில் கிரீஸியின் கணுக்கால் போனது. பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் மோரல். அந்த ஆட்டத்தை முடித்துக்கொடுத்தார், அடுத்த ஒன்பது லீக் ஆட்டங்களையும் தொடங்கினார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. பிளே-ஆஃபில் இரண்டையும் சேர்த்தால் 17-ல் 11 அவர் தொடங்கியவை. அவரை மயாமி எடுத்தது எவ்வளவுக்குத் தெரியுமா? பால்டிமோர் கோல்ட்ஸ் வேண்டாம் என்று விட்டபோது வெறும் 100 டாலர் வேய்வர் கட்டணத்துக்கு (ஓர் அணி விட்ட ஆட்டக்காரரை இன்னொரு அணி எடுக்கக் கட்டும் தொகை). பயிற்சியாளர் டான் ஷூலாவுக்குத்தான் அந்தத் துணிச்சல் வந்தது. அதற்குக் காரணம் பழைய பழக்கம்.

அந்தப் பழைய கதையைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. 1968-ல் ஷூலா கோல்ட்ஸ் பயிற்சியாளர். அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் ஜானி யூனிடஸுக்குக் கையில் அடிபட, மோரல் இறங்கினார். அணிக்கு 13 வெற்றி, 1 தோல்வி. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் மோரலுக்கே. 1969 ஜனவரி 12-ல் மயாமி ஆரஞ்சு பௌலில் மூன்றாவது சூப்பர் பௌல். எதிரே நியூயார்க் ஜெட்ஸ், அவர்கள் குவார்ட்டர்பேக் ஜோ நேமத். நாங்கள்தான் ஜெயிப்போம், இது உத்தரவாதம் என்று சவால் விட்டவர். கோல்ட்ஸ் 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்தார்கள். முதல் பாதியிலேயே மோரலின் மூன்று பந்துகள் எதிரணி கைக்குப் போயின. இடைவேளைக்குச் சற்று முன் ஒரு தந்திர ஆட்டம் போட்டார்கள். கோட்டருகே கோல்ட்ஸின் ஜிம்மி ஓர் தன்னந்தனியாக நின்று கையை ஆட்டுகிறார். மோரல் அவரைப் பார்க்கவில்லை, நடுவில் எறிந்தார், ஜெட்ஸ் பிடித்துக்கொண்டது. இடைவேளைக்காகக் காத்திருந்த பேண்டு வாத்தியக் குழுவின் உடையோடு ஓரின் நீலச் சட்டை கலந்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. எதுவானால் என்ன, 16-7 என்று தோல்வி. இரண்டாம் பாதியில் உள்ளே வந்த யூனிடஸ்தான் அந்த ஒரே டச்டவுனுக்கு (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) வழி செய்தார்.

சீசன் முழுக்க உழைத்தவர் ஒரே ஒரு எறிதலுக்காக ஊர் வாயில் விழுந்தார். நேமத்தின் புகழைப் பாடும் எல்லாரும் மோரலை ஓரமாக நிற்கும் ஆளாகத்தான் காட்டுவார்கள். எனக்கு அதில்தான் கோபம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நண்பரே, உணர்ச்சி சரி, கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். 1972 டால்ஃபின்ஸ் எறிவதைவிடப் பந்தோடு ஓடுவதை நம்பிய அணி. அந்த சீசனில் பந்தோடு லாரி சோங்கா ஓடியது 1,117 யார்டு, மெர்க்குரி மோரிஸ் சரியாக 1,000. ஒரே அணியில் இருவர் ஆயிரம் தொட்டது அதுவே முதல் முறை. (மோரிஸுக்கு முதலில் 991 என்றுதான் எழுதினார்கள். ஒரு ஆட்டத்தை மறுபடி பார்த்துத் திருத்திய பிறகு ஆயிரம் ஆனது.) பந்தை இவர்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் போதும், மோரல் பெரிதாக எறியவே வேண்டாம். அந்த வருடம் லீக்கில் எதிர்கொண்டவர்களில் வெற்றி மிகுந்த சீசன் முடித்தது கன்சாஸ் சிட்டியும் நியூயார்க் ஜயன்ட்ஸும் மட்டுமே, அதுவும் 8 வெற்றி, 6 தோல்வி. லேசான பாதை.

நாலாவது_டவுன் எழுதியது:

லேசான பாதை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேசான பாதையில் வழுக்கி விழுந்த அணிகள் எத்தனை! மோரல் தொடங்கிய முதல் ஆட்டத்தில் பஃபலோவை 24-23 என்று ஒரு புள்ளியில்தான் தாண்டினார்கள். கிளீவ்லாந்துடனான பிளே-ஆஃப் இன்னும் மோசம். நான்காம் கால்பகுதியில் 14-13 என்று பின்தங்கியிருந்தார்கள். அங்கே பந்து பிடிப்பவரான பால் வார்ஃபீல்டுக்கு எறிந்து அணியை முன்னே கொண்டுபோனவர் மோரல். ஜிம் கிக் ஓடிப் புள்ளி எடுக்க, 20-14. ஒதுங்கி நிற்பவர் செய்யும் வேலையா அது?

அடுத்த வாரம் பிட்ஸ்பர்க்கில் ஆட்டம். தோற்காத அணியாக இருந்தும் வெளியூர் போக வேண்டியிருந்தது, அப்போது மைதானம் முறைவைத்துத்தான் மாறும். பாதியில் 7-7. ஷூலா மோரலை உட்காரவைத்து, குணமாகித் திரும்பியிருந்த கிரீஸியை இறக்கினார். 21-17 என்று வென்றார்கள். சூப்பர் பௌலையும் கிரீஸியே தொடங்கினார். மறுபடி பெஞ்சுதான். கோப்பையைத் தூக்கிய படத்தில் இருப்பவர்தான் நினைவில் நிற்பார், மைதான_ஓரம் கேட்டதற்கு இதுவே பதில்.

மைதான_ஓரம் எழுதியது:

அப்போ இடையில் அவருக்கு சூப்பர் பௌல் வென்றவர்களுக்குத் தரும் மோதிரமே கிடைக்கவில்லையா?

நாலாவது_டவுன் எழுதியது:

கிடைத்தது, ஐயா. 1971 ஜனவரியில் ஐந்தாவது சூப்பர் பௌலில் அடிபட்டது யூனிடஸுக்கு. உள்ளே வந்து முடித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மோரல்தான். கடைசி ஐந்து வினாடியில் ஜிம் ஓ'பிரையன் 32 யார்டிலிருந்து பந்தை உதைத்து பீல்டு கோல் அடிக்க, கோல்ட்ஸ் டல்லாஸை 16-13 என்று வென்றார்கள். அப்புறம் மயாமியோடு இரண்டு, மொத்தம் மூன்று மோதிரம். 21 சீசன் ஆடினார். ஓய்வுக்குப் பின் மயாமி பல்கலைக்கழகத்தில் ஜிம் கெல்லி, பெர்னி கோசார் போன்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், ஃபுளோரிடாவின் டேவி நகர மேயராகவும் இருந்தார். 2014-ல் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது தலையில் பட்ட அடிகளால் வரும் சி.டி.இ. நோய் முற்றிய நிலையில் இருந்தது தெரியவந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கிளீவ்லாந்து ஆட்டத்தின் அந்தக் கால்பகுதியைத் தேடிப் பார்க்கிறேன். வார்ஃபீல்டு பற்றித் தனி இழை தொடங்குங்கள், அதில் சண்டையைத் தொடரலாம்.