மினிலாக்குக்கு பிரிசெட் தேடுறதோ, இல்ல நானே சவுண்ட் செய்யப் பழகுறதோ?

வெள்ளவத்தை கீஸ்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கலியாண வீடு, கோயில் நிகழ்ச்சி எண்டு கீபோர்ட் வாசிக்கிறனான், இவ்வளவு நாளும் வேர்க்ஸ்டேஷன் தான், ஒரு டோன் நம்பரைத் தட்டினா வயலின், அடுத்ததைத் தட்டினா புல்லாங்குழல், அப்பிடியே பழகிப்போட்டன். மூண்டு மாசத்துக்கு முன்னம் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் கனடாவுக்குப் போகேக்க தன்ர கோர்க் மினிலாக்கை (நொப்பைத் திருப்பிச் சவுண்டை நாங்களே செய்யிற சிந்தசைசர் கீபோர்ட்) வித்திட்டுப் போனவன், நான் தான் வாங்கினன். அண்டையில இருந்து பிரிசெட் (வேற ஆரோ செய்து சேமிச்சு வச்ச சவுண்ட்) இறக்கிறது தான் வேலை, மெமரியில காலியா கிடந்த இடமெல்லாம் நிரம்பீட்டுது.

ஹெட்போன்ல கேட்டா அவ்வளவு வடிவு. ஆனா போன கிழமை கொட்டாஞ்சேனையில ஒரு ஹோல்ல அதில ஒரு பாட் சவுண்டை (பின்னணிக்கு நீட்டிப் பிடிக்கிற மெதுவான சவுண்ட்) எடுத்து வாசிக்கேக்க, கோர்ட்ஸ் மாத்த மாத்த முதல் பிடிச்ச நோட் சடக்கெண்டு அறுந்து போகுது, கீழ்ச்சத்தமெல்லாம் கொழகொழ எண்டு, பேஸ் கிட்டார்காரன் திரும்பித் திரும்பி என்னைப் பாக்கிறான். இதைவிட நல்ல பிரிசெட் எங்க எடுக்கலாம்? இல்லாட்டி அடியில இருந்து பழகத்தான் வேணுமோ? அடுத்த புரோகிராமுக்கு ஆறு கிழமை இருக்கு.

பம்பலப்பிட்டி அண்ணை:
தம்பி, உங்கட பிரிசெட்டில பிழையில்லை. மினிலாக்குக்கு மொத்தமே 4 வொய்ஸ் தான், எண்டால் ஒரே நேரத்தில 4 நோட் தான் கேக்கும். நீங்க இடதுகையில ரெண்டு, வலதுகையில மூண்டு எண்டு வேர்க்ஸ்டேஷன்ல வாசிச்ச மாதிரியே பிடிச்சிருப்பீங்க, அஞ்சாவது நோட் வந்தோடன ஒண்டு இடம் விடத்தான் வேணும். அதோட பாட் பிரிசெட்டுகளுக்கு ரிலீசை நீட்டி வச்சிருப்பாங்கள், கையை எடுத்தாப் பிறகும் பழைய நோட் உள்ளுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் ஒரு வொய்ஸைப் பிடிச்சுக்கொண்டு தான் நிக்கும். செய்தவர் வீட்டில தனிய இருந்து ரெண்டு நோட்டை மெதுவா அமத்திச் செய்திருப்பார், அவருக்குப் பக்கத்தில பேஸும் இல்லை தவிலும் இல்லை.

இண்டைக்கே இப்பிடிச் செய்து பாருங்கோ. அந்தப் பாட் சவுண்டை எடுத்து, ஆம்ப் ஈஜியில (சத்தம் ஏறி அடங்கிறதைத் தீர்மானிக்கிற பகுதி) ரிலீசைப் பாதிக்கு மேல குறையுங்கோ. பேந்து மிக்சரில ரெண்டாவது விசிஓவை (சத்தத்தை உண்டாக்கிற பகுதி) முழுசா இறக்குங்கோ, கனக்க பாட்ல அது தான் ஒரு ஒக்டேவ் கீழ நிண்டு பேஸ்காரன்ர இடத்தைப் பிடிக்கிறது. இடதுகையில ஒரு நோட் போதும். புதுசா 50 பிரிசெட் இறக்கினாலும் இந்த ரெண்டு சங்கடமும் திரும்ப வரும், ஏனெண்டால் உங்கட கையும் உங்கட ஹோலும் அவருக்குத் தெரியாது.

இன்னொண்டு, பிரிசெட்டைக் கூப்பிட்டோடன நொப் நிக்கிற இடமும் கேக்கிற சவுண்டும் ஒண்டில்லை, நொப் போன சவுண்டுக்கு நிண்ட இடத்திலயே தான் நிக்கும், அதால தொட்டோடன சத்தம் பாய்ஞ்சு போகும். செட்டிங்கில நொப் மோடை கேட்ச் எண்டு வச்சா, நொப் சேமிச்ச பெறுமதியைத் தாண்டேக்க தான் பிடிக்கும். மேடையில இது கனக்க உதவும்.

மெமரி இல்லாதவன்:
நான் சொல்லுறது வேற. இறக்கின பிரிசெட் எல்லாத்தையும் ஒரு மாசத்துக்கு மூடி வையுங்கோ. 1970இல வந்த மினிமூக் சிந்தசைசருக்கு மெமரியே இல்லை, நொப் நிண்ட இடத்தைக் கடதாசியில குறிச்சு வச்சுத்தான் அடுத்த நாள் அதே சவுண்டுக்குப் போனவை. 1978இல புரொஃபெட் 5 வந்தாப் பிறகு தான் செய்த சவுண்டை 40 இடத்தில சேமிச்சு ஒரு பட்டன்ல திருப்பி எடுக்கலாம் எண்ட நிலைமை வந்தது. ஒரு நேரத்தில ஒரு நோட் மட்டும் கேக்கிற என்ர மோனோ சிந்திலயும் (சிந்தசைசர்) மெமரி இல்லை, முதல் ஆறு மாசம் எரிச்சல், இப்ப கண்ணை மூடிக்கொண்டே கை போகும்.

நான் பழகினது நாதஸ்வரத்தை வச்சு. முதல்ல ஸ்குவேர் அலை (சிந்து தாற அடிப்படை அலைவடிவங்களில ஒண்டு) எடுத்தன், கிளாரினெட் மாதிரி உள்ளுக்கு வெறுமையா ஒரு சத்தம் வந்துது. காரணம் பேந்து தான் விளங்கினது, ஸ்குவேர்ல ஒற்றைப்படை ஹார்மோனிக் (அடிச்சுருதியின்ர மடங்குகளா மேல ஒலிக்கிற சுருதி) மட்டும் தான், நாதஸ்வரம் கீழ போகப் போக அகலுற குழாய், அதில ஒற்றை, இரட்டை ரெண்டும் வரும், அதால சோ அலை (வாள்பல் வடிவம்) தான் கிட்ட. ஃபில்டரை (மேல்சத்தங்களை வெட்டுற பகுதி) நல்லாத் திறந்து, ரெசோனன்சைக் (வெட்டுற இடத்துச் சத்தத்தைத் தூக்கிறது) கொஞ்சமா ஏத்தி, அட்டாக்கைச் (சத்தம் ஏறுற நேரம்) சின்னதாக்கினா மூக்கால வாற அந்தக் காரம் வந்திடும். ஆனா அப்பவும் அது நாதஸ்வரம் இல்லை. கமகம் முழுக்க இடப்பக்கச் சிலைடரில தான் இருக்கு, பிட்ச் பெண்டை ரெண்டு செமிடோனுக்கு வச்சு ஒரு ஸ்வரத்தில இருந்து மற்றதுக்கு இழுத்து இழுத்துப் பழகவேணும். அதை எந்தப் பிரிசெட்டும் சேமிச்சுத் தராது.

தெஹிவளை ஸ்டூடியோ அக்கா:
ஒரு மாசம் மூடி வைக்கச் சொல்லுறது கொஞ்சம் கடுமை, அவருக்குக் கையில புரோகிராம் இருக்கு. நான் விளம்பர மியூசிக் செய்யிறனான், பின்னேரம் கேட்டா காலமை குடுக்கவேணும், பிரிசெட் இல்லாம ஏலாது. 1983இல டிஎக்ஸ்7 சிந்து வந்தப்ப அந்தக் காலத்துப் பெரிய பெரிய ஆக்களே பிரிசெட்டோட தான் வேலை செய்தவை, 6 ஒப்பரேட்டர் (அலை உண்டாக்கிற பகுதி), அதுகளை இணைக்க 32 அல்கோரிதம், எல்லாம் ஒரு சின்னத் திரைக்குள்ள, ஆர் இருந்து திருத்துறது? ஆனா தம்பி, உங்களிட்ட இருக்கிறது அப்பிடி இல்லை, முக்கியமானதெல்லாம் முன்னுக்கே நொப்பா இருக்கு, அதை விட்டிட்டு இறக்கிக்கொண்டு இருக்கிறது தான் எனக்குக் கவலை. பிடிச்ச பிரிசெட் மூண்டை மட்டும் வச்சு, ஒவ்வொரு நொப்பா இறக்கி, எது போனா அந்த வடிவும் போகுது எண்டு பாருங்கோ.

கடற்கரைப் பக்கம் இருக்கிறீங்க எண்டால் வாசிச்சு முடிய துணியால மூடுங்கோ, உப்புக்காத்துக்கு நொப்பெல்லாம் கரகர எண்டு வரும், என்ர பழைய சிந்துக்கு அப்பிடித்தான் வந்தது.

வெள்ளவத்தை கீஸ்:
அண்ணை, ரிலீசைக் குறைச்சு ரெண்டாவது விசிஓவையும் இறக்கி நேற்று ரிகர்சல்ல வாசிச்சன், ஒரு நோட்டும் அறுகேல்லை! பேஸ்காரன் தானா வந்து இது என்ன புது டோனோ எண்டு கேட்டவன். அக்கா சொன்ன மாதிரி மூண்டை வச்சிட்டு மற்றதை இப்ப தொடுறேல்லை. நாதஸ்வரமும் தொடங்கீட்டன், சோ தான் சரி. ஒண்டு மட்டும் விளங்கேல்லை, கட்ஓஃப்பைக் (ஃபில்டர் வெட்டத் தொடங்கிற இடம்) கீழ இறக்கினா பிராஸ் மாதிரி ஊதித் திறக்கும் எண்டு பாத்தன், சத்தம் அப்பிடியே அடைச்சுப் போகுது, திறக்கிறதே இல்லை?

பம்பலப்பிட்டி அண்ணை:
ஃபில்டர் பக்கத்தில ஈஜி இன்ட் எண்டு ஒரு நொப் இருக்கு, நோட்டை அமத்தேக்க ஃபில்டர் எவ்வளவு திறக்கவேணும் எண்டு சொல்லுறது அது தான், அது நடுவில நிக்குது போல, நடு எண்டால் பூச்சியம். வலப்பக்கம் மெதுவாத் திருப்பிக்கொண்டு ஒரே நோட்டை அமத்தி அமத்திக் கேளுங்கோ.