தஞ்ச விண்ணப்ப முடிவுக்குக் காத்திருப்பவர்களின் ஓவியக் கண்காட்சி: பெயர் போடலாமா, எப்படி மாட்டுவது?

முத்தியால்பேட்டை:
புதுச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு கூடத்துல சின்னதா கண்காட்சி வைக்கிறோம். பாதிப் படங்கள் கடலூர் மாவட்ட இலங்கைத் தமிழர் முகாம் இளைஞர்கள் வரைஞ்சது. மீதி, ஐரோப்பாவுல தஞ்சம் கேட்டுட்டு முடிவு வராம இருக்கிறவங்க வாட்ஸ்அப்ல அனுப்பினது. நூலால எழுதின ஒரு சேலையும் இருக்கு. என்னென்ன கவனிக்கணும்?

கெடிலக்கரை:
முதல்ல, ரெண்டையும் ஒரே தலைப்புல போடாதீங்க. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில கையெழுத்து போடல. தஞ்சத்துக்குன்னு தனிச் சட்டமும் இல்ல. முகாம்ல இருக்கிறவங்க காத்திருக்கிறது குடியுரிமைக்கோ ஊர் திரும்பவோ. ஐரோப்பாவுல இருக்கிறவங்க காத்திருக்கிறது ஒரு அதிகாரியோட முடிவுக்கு.

அதனாலதான் வெளிநாட்டுப் படங்களுக்குப் பெயர் வேண்டாம்ங்கிறேன். தஞ்ச விண்ணப்ப நேர்காணல்ல சொன்ன தேதி ஒண்ணு, உங்க குறிப்பு அட்டையில இருக்கிற தேதி வேறன்னா, முன்னுக்குப் பின் முரண்னு கேள்வி வரலாம். ஊர்ல இருக்கிற குடும்பத்துக்கும் தொல்லை. புனைபெயர் போதும். அட்டையை அச்சடிக்கிறதுக்கு முன்னாடி வரைஞ்சவருக்கும் அவர் வக்கீலுக்கும் காட்டுங்க. சம்மதம் எழுத்துல, ரெண்டு பிரதி. எப்ப வேணாலும் படத்தை எடுத்துக்கலாம்னு ஒரு வரி கட்டாயம்.

அரசுக் கடிதத்தை ஒட்டி வரைஞ்சிருந்தா கோப்பு எண்ணை மறைக்கணும். மார்க்கர் மட்டும் போட்டா வெளிச்சத்துல பின்பக்கமா தெரியும். கருப்படிச்சு, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து மாட்டுங்க. விற்பனையும் வேண்டாம்: பிரிட்டன்ல விண்ணப்பதாரர்கள் பெரும்பாலும் வேலை செய்யக்கூடாது, படம் வித்த காசும் சிக்கலாகலாம்.

சாயப்பட்டறைத் தெரு:
கடல் காத்துல பேப்பர் நெளியும். செல்லோடேப் மஞ்சளாகிக் கறை விடும், அதைத் தொடவே தொடாதீங்க. மெல்லிய கையால் செய்த காகிதத்துல சின்னப் பட்டை வெட்டி, கோதுமை மாவுப் பசையால மேல் ஓரத்துல மட்டும் ரெண்டு இடத்துல ஒட்டுங்க. நாலு பக்கமும் ஒட்டினா ஈரத்துல விரிய இடமில்லாம நடுவுல உப்பிக்கும். படத்தோட நடுப்பகுதி தரையிலிருந்து 145–150 செ.மீ. இருக்கட்டும்.

சேலைக்கு ஊக்கு குத்தாதீங்க, துரு இறங்கும். மேல் ஓரத்துல தனித்துணியால உறை மாதிரி தைச்சு, உள்ளே பிவிசி குழாய் விடுங்க. அப்பதான் எடை ஒரே நூல்மேல விழாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் கண்காட்சி வேண்டவே வேண்டாம், மழை.

முத்தியால்பேட்டை:
நன்றிங்க. வாட்ஸ்அப் படத்தைப் பெருசாக்கினா உடையுதே?

சாயப்பட்டறைத் தெரு:
ஏ3 அளவுல 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508 × 4961 பிக்சல் வேணும். பாதி இருந்தாலும் ஒரு கை தூரத்துல நின்னு பார்க்கச் சமாளிக்கலாம். டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

கெடிலக்கரை:
டாக்குமெண்ட்டா வந்தா எடுத்த இடத்தோட விவரமும் கோப்புக்குள்ளேயே வந்துடும். கேமராவுல லொகேஷனை அணைச்சுட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, அழைப்பிதழுக்குப் படகும் முள்வேலியும் வேணாமே. பார்த்துச் சலிச்சாச்சு. அந்தச் சேலையையே போடுங்க, ஆனா நூலால எழுதினதுல ஆள் பேர், ஊர்ப் பேர் இருக்கான்னு முதல்ல படிச்சுப் பார்த்துட்டு.