பழைய டெஸ்க்டொப்புக்கு மதர்போட் மாத்துறதா, இருக்கிறதை வேகமாக்கிறதா?

புதுக்குடியிருப்பான்

வணக்கம். கொமினிக்கேசன் கடையில நிக்கிற டெஸ்க்டொப் பற்றி ஒரு கேள்வி. ஜி31 மதர்போட், பென்டியம் டூவல் கோர் இ5300, 2 ஜிபி டிடிஆர்2 ராம், 160 ஜிபி ஹாட் டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 7. பாமினி ஃபொன்டில டைப்பிங், பாஸ்போட் சைஸ் படம் வெட்டுறது, ஸ்கான், ஒன்லைன் விண்ணப்பம், இவ்வளவும்தான் வேலை. காலமை போட்டால் கைக்கு வர அஞ்சு நிமிசம் போகுது. குரோமும் போட்டோஷொப்பும் ஒண்டாத் திறந்தால் இறுகிப்போகும். மதர்போட்டை மாத்தச் சொல்லி ஆக்கள் சொல்லினம். போட்டை மட்டும் மாத்தினால் வேகம் வருமோ? பழைய புரொசசரையும் ராமையும் புதுப் போட்டில கொழுவலாமோ?

மாங்குளம் சந்தி

போட் மட்டும் மாத்தி ஒரு வேகமும் வராது. இ5300 இருக்கிறது 775 சொக்கெட்டில. சொக்கெட் மாறின புதுப் போட் எதிலயும் அது இருக்காது. டிடிஆர்2 ராமின்ர வெட்டு நிக்கிற இடமும் வேற, டிடிஆர்3 ஸ்லொட்டுக்குள்ள இறங்காது. அதால போட் எண்டால் போட், புரொசசர், ராம் மூண்டும் சேர்ந்துதான்.

காசை எடுக்க முதல் எது இறுக்குதெண்டு பாருங்கோ. விண்டோஸ் 7இல ரிசோர்ஸ் மொனிட்டரைத் திறந்து, வழக்கமான வேலையைச் செய்துகொண்டு டிஸ்க் பகுதியைக் கவனியுங்கோ. அது 100 வீதத்தில நிண்டு, புரொசசர் 30, 40இல கிடந்தால் பழி ஹாட் டிஸ்க்கில. மெமரிப் பக்கத்தில ஹாட் ஃபோல்ட் (ராமில இல்லாததை டிஸ்க்கில தேடுறது) கோடு ஏறிக்கொண்டே நிண்டால் ராம் காணாது. உங்களுக்கு இரண்டும் இருக்கும்போல கிடக்கு.

120 அல்லது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுத்துற தட்டில்லாத வேகமான டிஸ்க்) ஒண்டு போடுங்கோ. ஜி31ஓட வாற, டிஸ்க்கைப் பார்க்கிற ஐசிஎச்7 சிப் செக்கனுக்கு 300 எம்பிக்கு மேல விடாது, ஏஎச்சிஐ எண்ட புது டிஸ்க் முறையும் அதில இல்லை. எஸ்எஸ்டியின்ர பெட்டியில 550 எண்டு போட்டிருந்தாலும் பாதிதான் கிடைக்கும். அதைப் பற்றி யோசிக்காதேங்கோ. பழைய டிஸ்க் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி வாசிக்கேக்க செக்கனுக்கு ஒரு எம்பி கூட வராது, அதுதான் அந்த அஞ்சு நிமிசம்.

ராம் 2 ஜிபிக் கட்டை இரண்டு, அதுக்கு மேல ஜி31 எடுக்காது. மலிவெண்டு 4 ஜிபி டிடிஆர்2 ஒற்றைக் கட்டை வாங்கிப்போடாதேங்கோ. அதுகளில கனக்க ஏஎம்டி போட்டுக்கு மட்டும் செய்தது, இன்டெல்லில திரையே வராது. 32 பிட் விண்டோஸ் 4 ஜிபியையும் முழுசாப் பாவிக்காது, 64 பிட் புதுசாப் போடோணும்.

வவுனியா வடக்கு

எஸ்எஸ்டி சரி, அதை நாளைக்குக் கழட்டி வேற மெசினில போடலாம். டிடிஆர்2 ராமுக்குக் குடுக்கிற காசு திரும்பி வராது. இன்னொண்டு, விண்டோஸ் 7க்குப் புதுக் குரோம் வாறது 109ஓட நிண்டிட்டுது. ஒன்லைன் விண்ணப்பம் செய்யிற கடைக்கு அது பெரிய தலையிடி. இ5300இல பொப்சிஎன்ட் கட்டளை இல்லாததால விண்டோஸ் 11இன்ர 24எச்2 பதிப்பு ஸ்டாட்டே ஆகாது, குறுக்கு வழியும் இல்லை.

மாத்துறதெண்டால் பாவிச்ச எச்81 போட் (1150 சொக்கெட்), ஐ5-4570 புரொசசர், 4 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு. எச்81இல டிஸ்க் கொழுவுற சாட்டா இடம் இரண்டு செக்கனுக்கு 6 ஜிகாபிட், மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். எஸ்எஸ்டியை வேகமானதில கொழுவுங்கோ. அதுக்கு முந்தின எச்61 போட்டை விடுங்கோ. அதில 6 ஜிகாபிட் சாட்டாவும் இல்லை, சிப்செட்டில யூஎஸ்பி 3உம் இல்லை. பேர் ஊர் இல்லாமல் "புதுசு" எண்டு விக்கிற எச்61, எச்81 போட்டுகளுக்கு பயோஸ் அப்டேட் தேடி எடுக்கிறதும் கஸ்டம்.

புரொசசரோட கூலரையும் கேட்டு வாங்குங்கோ. 775 கூலரின்ர ஓட்டை இடைவெளி 72 மிமீ, 1150க்கு 75. கிட்டத்தட்டச் சரிபோலத் தெரியும், ஆனால் இறங்காது.

இன்னொரு வழி, ஒஃபீஸில கழிச்ச நாலாம் தலைமுறை ஐ5 டவர் ஒண்டை முழுசா வாங்கிறது. வவுனியாவிலயும் யாழ்ப்பாணத்திலயும் இப்ப அது கிடைக்குது, கனதரம் தனித்தனியா வாங்கிறதைவிட மலிவு. ஆனால் டெல் ஒப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 எண்டால் மெயின் பவர் பிளக் 24 பின் இல்லை, 8 பின். அதின்ர பவர் சப்ளை பழுதானால் சாதாரணமானதை அப்பிடியே கொழுவேலாது, மாத்துவயர் வேணும்.

புதுக்குடியிருப்பான்

நன்றி அண்ணையாக்கள். ரிசோர்ஸ் மொனிட்டரில டிஸ்க் 100இலதான் நிக்குது. கேசிங்கைத் திறந்து பார்த்தன், புரொசசருக்குப் பக்கத்தில மூண்டு கப்பாசிட்டர் தலை வீங்கிக் கிடக்கு. பவர் சப்ளையில 450 வாட்ஸ் எண்டு போட்டிருக்கு, தூக்கினால் பாரமே இல்லை. கேசிங்கில கை பட்டால் சாடையா சுர்ரெண்டுது.

மாங்குளம் சந்தி

அப்ப நான் முதல் சொன்னதை விடுங்கோ. கப்பாசிட்டர் வீங்கின போட்டில ராமுக்குக் காசு போடக்கூடாது. எஸ்எஸ்டியை மட்டும் இப்ப வாங்கிப் போடுங்கோ, அது புதுப் போட்டுக்கும் போகும்.

பவர் சப்ளையையும் கட்டாயம் மாத்துங்கோ. பாரமில்லாததுக்குள்ள 450 வாட்ஸ் இருக்காது. உண்மையான 300 வாட்ஸ் இந்த செட்டுக்குக் காணும். நாலாம் தலைமுறை புரொசசர் சும்மா நிக்கேக்க 12 வோல்ட் லைனில சரியான குறைஞ்ச கரண்ட்தான் எடுக்கும். பழைய சப்ளை சிலது அந்தக் குறைவில குழம்பி நிண்டுபோகும். அப்பிடி நிண்டால் பயோஸில சி6, சி7 எண்ட புரொசசர் தூங்கிற நிலை இரண்டையும் நிப்பாட்டிப் பாருங்கோ. பின்பக்கம் 115/230 சிவத்த சுவிச் இருந்தால் 230இல இருக்கோணும். 115இல வைச்சுப் போட்டால் வெடிக்கும்.

சுர்ரெண்டுறது ஏர்த் இல்லாததால. சப்ளைக்குள்ள இருக்கிற ஃபில்டர் கப்பாசிட்டர், ஏர்த் இல்லாட்டி கேசிங்கில கிட்டத்தட்டப் பாதி வோல்டேஜை விடும். மூண்டு பின் சொக்கெட் இருந்தால் காணாது, உள்ளுக்கை ஏர்த் வயர் வந்திருக்கோணும். வயரிங் செய்யிற ஆளைக் கொண்டு நிலத்தில ஏர்த் கம்பி அடிப்பியுங்கோ. பின்னேரத்தில லைன் வோல்டேஜ் விழுகிற இடமெண்டால் ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக்கிறது) உள்ள 650 விஏ யூபிஎஸ் ஒண்டும் வேணும். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு பிளக்கைக் கழட்டினால் மட்டும் போதாது, ரவுட்டர் வயரையும் கழட்டுங்கோ.

வவுனியா வடக்கு

புதுப் போட்டைப் பூட்டேக்க பார்க்கவேண்டியது. பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனை ஒரு பத்துச் செக்கன் அமத்தி மிச்சக் கரண்டை விடுங்கோ. முன்பக்கத்துச் சின்ன வயர்களைக் கழட்ட முதல் ஃபோனில படம் எடுங்கோ. பாவிச்ச போட்டை வாங்கேக்கயே சொக்கெட் மூடியைத் திறந்து டோர்ச் அடிச்சு, பின் ஒண்டும் சரிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ. வாங்கிக்கொண்டு வந்தாப் பிறகு கடைக்காரர் உங்களைத்தான் சொல்லுவார்.

நேர கேசிங்குக்குள்ள பூட்டாதேங்கோ. போட்டைக் காட்போட் பெட்டிக்கு மேல வைச்சு, புரொசசர், கூலர், ஒரு ராம் கட்டை, 24 பின் மெயின் பவர் பிளக், புரொசசருக்குக் கரண்ட் குடுக்கிற 4 பின் பிளக் இவ்வளவும் கொழுவி, பவர் சுவிச் பின் இரண்டையும் திருகாணிச் சாவியால ஒருக்காத் தொடுங்கோ. புரொசசருக்கும் கூலருக்கும் இடையில பேஸ்ட் ஒரு பயறு அளவு. கூலர்ப் பின் நாலையும் குறுக்குக் குறுக்கா அமத்தி, நாலும் பின்பக்கம் வெளிய வந்திட்டுதோ எண்டு போட்டைத் திருப்பிப் பாருங்கோ. ஒண்டு வராட்டி ஒரு பக்கம் தூக்கி நிக்கும், புரொசசர் சுட்டு நிண்டுபோகும்.

ஃபான் சுத்தி திரை வராட்டி முதல் 4 பின்னைப் பாருங்கோ, அதை மறக்கிறதுதான் கூட. பிறகு ராமை மற்ற ஸ்லொட்டுக்கு மாத்துங்கோ, பிறகு 3 வோல்ட் பட்டரியைக் கழட்டிப் போடுங்கோ. வெளிய ஓடி, கேசிங்குக்குள்ள ஓடாட்டி போட்டுக்குப் பின்னால தேவையில்லாத இடத்தில, போட்டைத் தாங்கிற பித்தளைக் கால் ஒண்டு நிக்குதோ எண்டு பாருங்கோ. பழைய கேசிங்கில அது கனதரம் இருக்கும்.

கிரவல் ரோட்டுக் கரைக் கடை எண்டால் கேசிங்கை நிலத்தில வைக்காதேங்கோ. அந்தப் புழுதியில ஈரம் பட்டால் கரண்ட் கடத்தும்.

முத்தையன்கட்டு

சொஃப்ட்வெயர் பக்கம் ஒண்டு. பழைய விண்டோஸை அப்பிடியே புதுப் போட்டில ஸ்டாட் பண்ணினால், டிஸ்க் ஓடுற முறை பழைய ஐடிஇயில இருந்து ஏஎச்சிஐக்கு மாறி, கனதரம் நீலத் திரைதான் வரும். புதுசாப் போடுங்கோ. அதுக்கு முதல் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக் கொப்பி பண்ணுங்கோ, பாமினி அதுக்குள்ளதான். போட்டோஷொப் ஆக்ஷன், ஸ்கானர் டிரைவர், பிரவுசரில சேமிச்ச பாஸ்வேட் எல்லாம் சி டிரைவில கிடக்கு.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. ஐ5-4570இல 11 போடலாம், ஆனால் மைக்ரோசொஃப்ட் பட்டியலில அது இல்லை, செட்டப்பில சோதனையைத் தாண்டித்தான் போடோணும். வருசாந்த அப்டேட்டை ஒவ்வொரு முறையும் கையால ஏத்தவேண்டி வரும்.

டிவிடி ரைட்டர் பட்டை வயர் உள்ள பழசெண்டால் எச்81இல அதுக்கு இடமில்லை. சாட்டா ஒண்டு எடுங்கோ, அல்லாட்டி விட்டிடுங்கோ.