ஓடாத இறுவட்டையும் எறிந்துவிடாதீர்கள்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

அம்மன் கோவில் திருவிழாப் பதிவுகள் உள்ள பழைய டிவிடி இறுவட்டுகளைத் திரட்டத் தொடங்கியதிலிருந்து மூன்று விதமான மடல்கள் மாறி மாறி வருகின்றன. "நீங்கள் அனுப்பிய பிரதி எங்கள் வீட்டில் ஓடவில்லை" என்று கனடாவிலிருந்து. "ஓடுகிறது, ஆனால் தேர் இருப்புக்கு வரும் இடத்தில் நின்றுவிடுகிறது" என்று நோர்வேயிலிருந்து. "எங்களிடம் இருந்தது பழுதாகிவிட்டது, குப்பையில் போட்டுவிட்டோம்" என்று பாரிஸிலிருந்து. முதல் இரண்டுக்கும் வழி இருக்கிறது. மூன்றாவதைப் படித்தபோதுதான் மனம் பதறியது. தயவுசெய்து இனி யாரும் ஓடாத இறுவட்டை எறியாதீர்கள்.

2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 பாதை திறந்தபின் நம்மவர்கள் பலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்வந்தார்கள். 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடப்படும்வரை நடந்த திருவிழாக்களைத்தான் நாம் அதிகம் படம்பிடித்து வைத்திருக்கிறோம். பழைய வசந்த மண்டபம், வடக்கு வீதி மருதமரம், இன்று நம்மோடு இல்லாத பெரியவர்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கிறார்கள். படம்பிடித்த ஸ்டூடியோவில் கேட்டுப் பார்த்தோம். மூல நாடாக்களில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டார்களாம். ஆகவே அவர்கள் அன்று எழுதி விற்ற இறுவட்டுகளைத் தவிர நமக்கு வேறு மூலம் கிடையாது. உங்கள் அலுமாரியில் கிடப்பதுதான் மூலம்.

முதலில் கனடா முறைப்பாடு. பலரும் இதற்கு வலயக் குறியீட்டைக் காரணமாகச் சொல்கிறார்கள். ஒரு வலயத்தில் விற்ற படம் வேறு வலயத்துப் பிளேயரில் ஓடாதபடி, கனடாவுக்கு 1, ஐரோப்பாவுக்கு 2, இலங்கைக்கு 5 என்று போடும் அந்தப் பூட்டு கடையில் விற்கும் படங்களுக்கானது. ஸ்டூடியோவில் எழுதிய திருவிழா இறுவட்டில் அநேகமாக அது இருப்பதில்லை. உண்மையான காரணம் தொலைக்காட்சி முறை. இலங்கையில் எடுத்தவை பால் (PAL) முறையில் இருக்கின்றன, விநாடிக்கு 25 படம், 576 கோடு. கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ளது என்ரிஎஸ்சி (NTSC) முறை, விநாடிக்கு 29.97 படம், 480 கோடு. ஐரோப்பாவில் விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் காட்டும். வட அமெரிக்காவில் விற்றவற்றில் பல, பால் இறுவட்டைக் கண்டதும் மறுத்துவிடும், அல்லது கறுப்பு வெள்ளையாக உருளவிடும். லண்டனில் ஓடியது கனடாவின் ஸ்காபரோவில் ஓடாததற்கு இதுவே காரணம். அதே இறுவட்டைக் கணினியில் போட்டு விஎல்சி (VLC) என்ற படம் பார்க்கும் மென்பொருளில் திறந்தால் தடையில்லாமல் ஓடும்.

என்ரிஎஸ்சிக்கு மாற்றித் தரும்படி சிலர் கேட்கிறீர்கள். பிளேயரில் மட்டுமே பார்த்துப் பழகிய முதியவர்களுக்காகத் தனியாக மாற்றித் தருவோம். ஆனால் அப்படி மாற்றியதைச் சங்கத்தின் மூலப் பிரதியாக வைக்க நான் உடன்படமாட்டேன். 576 கோட்டை 480க்குக் குறைத்து, 25 படத்தை 30க்கு இழுக்கும்போது காவடி ஆட்டம் வெட்டி வெட்டித் தெரிகிறது. மூலத்தை இருந்தபடியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து வேண்டியதை வேண்டியவருக்கு எடுத்துக்கொடுப்பதே முறை.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு இறுவட்டை 4.7 ஜிபி இறுவட்டுக்குள் அடக்கித் தரும் மென்பொருள்கள் முன்பு எல்லோர் கையிலும் இருந்தன. அப்படிச் சுருக்கிய பிரதிகள் சில வந்திருக்கின்றன. பூங்காவனத்தன்று வாணவேடிக்கை தொடங்கியதும் திரை முழுவதும் கட்டம் கட்டமாக உடைகிறது. போன துல்லியத்தை இனி எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சுருக்காத இறுவட்டு யாரிடமாவது இருந்தால் அது எங்களுக்குப் பெரிய கொடை.

இனி நோர்வே அண்ணாவின் முறைப்பாட்டுக்கு வருகிறேன். டிவிடியில் பதிவு நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுற்றிச் சுற்றிப் போகும். படத்தின் தொடக்கம் துளையருகே, முடிவு விளிம்பருகே. நாம் எடுக்கும்போது விரல் படுவது விளிம்பில். உறைக்குள் இழுபடும்போது கீறல் விழுவதும் அங்கேதான் அதிகம். இறுவட்டின் மேல் ஒட்டிய அம்மன் படக் காகிதம் ஈரத்தில் சுருங்கி வட்டை வளைத்தால் அந்த வளைவு கூடுதலாகத் தெரிவதும் விளிம்பில். இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டித்தான் டிவிடி செய்கிறார்கள், பதிவைத் தாங்கும் சாயப் படலம் அவற்றின் நடுவே இருக்கிறது. ஒட்டு விளிம்பிலிருந்து விலகத் தொடங்கினால் காற்றும் ஈரமும் உள்ளே போய்விடும். எழுதிய பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊதா நிறம் ஒரே சீராக இல்லாமல் விளிம்பில் வெளிறியோ திட்டுத் திட்டாகவோ தெரிந்தால் அந்த இறுவட்டுக்கு அதிக காலமில்லை. இப்படி விளிம்பு முதலில் பழுதாவதால்தான் கொடியேற்றம் நன்றாக ஓடுகிறது, தேர் இருப்புக்கு வரும்போது நின்றுவிடுகிறது.

அப்படி நிற்கும் இறுவட்டைத் திரும்பத் திரும்பப் பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். பற்பசை போட்டுத் தேய்க்கும் வைத்தியமும் வேண்டாம். வெளிக் கீறலை அது ஓரளவு மழுப்பலாம், வெளிறிய சாயத்துக்கு ஒன்றும் செய்யாது. தூசி இருந்தால் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். ஒட்டிய காகிதத்தை உரித்துவிடாதீர்கள்.

பழுதான இறுவட்டை நாங்கள் கோப்புக் கோப்பாகப் பிரதி எடுப்பதில்லை. அப்படி எடுத்தால் முதல் பழுதிலேயே கணினி கைவிட்டுவிடும். குனூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் இறுவட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுக்கிறோம். அது முதலில் நல்ல இடங்களையெல்லாம் வாசித்துப் பத்திரப்படுத்திவிட்டு, வாசிக்க முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பிப் போய் முயலும். ஒரு கணினியின் டிரைவ் வாசிக்காத இடத்தை வேறு டிரைவ் வாசித்துவிடுவது வழக்கமாக நடப்பது. அதே வரைபடக் கோப்பைக் கொடுத்து வேறு டிரைவில் தொடர்ந்தால் விட்ட இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும்.

ஓடாததையும் அனுப்புங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். ஸ்டூடியோக்காரர்கள் ஒரே மூலப் பதிவிலிருந்து பல இறுவட்டுகளை எழுதி விற்றிருக்கிறார்கள். அப்படியானால் ஒஸ்லோவில் உள்ளதும் பாரிஸில் உள்ளதும் கடைசி பைட் வரை ஒன்றேதான். ஒஸ்லோ இறுவட்டில் விளிம்பு போயிருக்கலாம், பாரிஸ் இறுவட்டில் நடுவில் கீறல் இருக்கலாம். முதலாவதில் வாசிக்காத இடங்களை இரண்டாவதிலிருந்து எடுத்து நிரப்பினால் இரண்டு பழுதிலிருந்து ஒரு முழுப் பதிவு கிடைக்கும். 2004 தேர்த்திருவிழாவின் முதல் இறுவட்டை இப்படித்தான் முழுமையாக்கினோம். பஞ்சமுகத் தீபாராதனை காட்டும் பெரிய ஐயரின் முகம் ஓர் இறுவட்டில் பச்சைக் கட்டங்களாக இருந்தது. மற்றதைச் சேர்த்தபின் அவருடைய நெற்றி வியர்வைகூடத் தெரிகிறது. தனித்தனியே பார்த்தால் அந்த இரண்டு இறுவட்டும் குப்பைக்குப் போகவேண்டியவைதான்.

வீட்டில் டிவிடி ரெக்கோடரில் நேரே பதிந்தவை வேறு வகை. பதிந்து முடித்ததும் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது பதிவை மூடி முடிக்காமல் விட்டிருந்தால் வேறு பிளேயர்கள் பெரும்பாலும் அதை வெறும் இறுவட்டாகவே பார்க்கும். உள்ளே படம் பத்திரமாக இருக்கும். பதிந்த அதே ரெக்கோடர் இன்னும் வேலை செய்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்யுங்கள், ரெக்கோடர் போய்விட்டால் அப்படியே அனுப்புங்கள். கமெராவிலிருந்து எடுத்த சின்ன 8 செ.மீ. இறுவட்டுகளை, தட்டு வெளியே வராமல் வாயால் இழுத்துக்கொள்ளும் டிரைவில் போடாதீர்கள், சிக்கிக்கொள்ளும்.

பிரதி எழுதித் தருவோருக்கு ஒரு வார்த்தை. பழைய பிளேயர்களுக்கு டிவிடி மைனஸ் ஆர் (DVD-R) வகை இறுவட்டு பொதுவாக ஒத்துப்போகும். பிளஸ் ஆர் (DVD+R) வகைதான் கையில் இருந்தால், எழுதும்போது இறுவட்டு வகையை டிவிடி ரோம் என்று குறிக்க உங்கள் டிரைவ் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ (RW) வகை வேண்டாம், அதன் ஒளித்தெறிப்பு குறைவென்பதால் பழைய பிளேயர்கள் தடுமாறும். 16 வேக இறுவட்டை 8 வேகத்தில் எழுதி, எழுதியபின் சரிபார்க்கும் படியைத் தவறாமல் செய்யுங்கள். எம்பி4 கோப்பை அப்படியே இறுவட்டில் போட்டால் அது டிவிடி படம் ஆகாது, பழைய பிளேயர் அதை ஏற்காது. மேலே காகிதம் ஒட்டாமல், இறுவட்டுக்கென்றே விற்கும் மென்முனைப் பேனாவால் எழுதுங்கள்.

கைபேசியில் பார்க்கும் பிள்ளைகளுக்கு 25 படத்தையும் 576 கோட்டையும் மாற்றாமல் எம்பி4 எடுத்துத் தருகிறோம். ஐஎஸ்ஓ கோப்புகள் ரொறன்ரோவில் ஒரு வன்தட்டிலும் லண்டனில் ஒரு வன்தட்டிலும் இருக்கும். மூன்றாவதை ஊரில் வாசிகசாலையில் வைக்க நிர்வாகத்தினர் சம்மதித்திருக்கிறார்கள்.

அனுப்பும்போது வெறும் கடித உறையில் போடாமல் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். எந்த ஆண்டு, எந்தத் திருவிழா, எத்தனையாவது இறுவட்டு, யார் வீட்டு உபயம் என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே போடுங்கள். கடையில் வாங்கிய சினிமாப் படங்களைச் சேர்க்க வேண்டாம். வேலை முடிந்ததும் உங்கள் இறுவட்டு உங்களிடம் திரும்பி வரும். கோடை ஒன்றுகூடலுக்கு வருபவர்கள் கையிலேயே கொண்டுவரலாம்.

இப்போது அவசரமாகத் தேவைப்படுவது 2004 தேர்த்திருவிழாவின் இரண்டாவது இறுவட்டு. எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று, பச்சை சாத்தித் தேர் திரும்பும் பகுதி அதில் வாசிக்கவில்லை. எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை, வைத்திருப்பவர்கள் இந்த வாரமே எழுதுங்கள்.

அன்புடன்,
பதிவுகள் திரட்டும் குழுவுக்காக, ரொறன்ரோவிலிருந்து