கோபோல் சர்வருக்கு டிஎல்எஸ் போட்ட கதை

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்:

வீட்டிலிருந்தே வேலை. பகல் முழுக்க வாசலில் செம்பனைப் பழ லாரி ஓடும், அதனால் மெயின்பிரேம் (பெரிய நிறுவனக் கணினி) சோதனையெல்லாம் எனக்கு ராத்திரிதான்.

நான் பார்த்துக்கொள்வது கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய ஒரு பழைய சர்வர். கிளைகளிலிருந்து ஐசி நம்பர் (அடையாள அட்டை எண்) வரும், இது கணக்கு விவரத்தைத் திருப்பி அனுப்பும். எல்லாம் மறைப்பே இல்லாமல், அதாவது போகும் தரவை மறைக்கும் டிஎல்எஸ் இல்லாமல். "அது எப்சிடிக், மெயின்பிரேமின் எழுத்துக் குறியீடு, வெளியாளுக்குக் குப்பையாத்தான் தெரியும்" என்றார் டீமில் ஒருவர். பாக்கெட் டிரேஸ் (நெட்வொர்க்கில் போகும் தரவின் பதிவு) எடுத்துப் பார்த்தேன். எஃப்5 எஃப்8 எஃப்0 எஃப்4... எப்சிடிக்கில் எஃப்0 முதல் எஃப்9 வரை என்பது 0 முதல் 9 வரைதான். எஃப் எழுத்தைத் தள்ளிவிட்டால் ஐசி நம்பர் அப்படியே நிற்கிறது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. 58-ல், 61-ல் பிறந்தவர்கள், என் அம்மாவோடு பால்மரம் வெட்டிய வயசுக்காரர்கள். அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

கோபோலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. ஏடி-டிஎல்எஸ் என்ற மெயின்பிரேம் வசதி இருந்தால் ஹேண்ட்ஷேக்கை (மறைப்பைத் தொடங்கும் முதல் பேச்சை) நெட்வொர்க்கைக் கவனிக்கும் டிசிபி அடுக்கே முடித்துவிடும், புரோகிராம் வழக்கம்போல அக்செப்ட், ரீட், ரைட் என்று போகும். டிசிபிஐபி புரொஃபைல் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் டிடிஎல்எஸ் என்ற சொல், விதிகளைக் கவனிக்கும் பாலிசி ஏஜென்டில் அந்த போர்ட்டுக்கு ஒரு ரூல், பாதுகாப்பைக் கவனிக்கும் ராக்ஃபில் ஒரு கீரிங் (சான்றிதழ்களின் தொகுப்பு). அவ்வளவுதான்.

ஆனால் 202 என்ற பிழை இரண்டு ராத்திரியைத் தின்றுவிட்டது. கீரிங் திறக்கவில்லை என்று அர்த்தம். ரிங் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். என் ஐடியில் லிஸ்ட்ரிங் கட்டளை கொடுத்தால் சான்றிதழ் அழகாக வருகிறது! அங்கேதான் ஏமாந்தேன். சர்வர் ஓடுவது ஸ்டார்ட்டட் டாஸ்க்கின் (பின்னணியில் ஓடும் வேலையின்) ஐடியில். அதற்கு, ரிங்கைப் படிக்க விடும் ஐஆர்ஆர்.டிஜிட்செர்ட்.லிஸ்ட்ரிங் மேல் ரீட் அனுமதி இல்லை. பெர்மிட் கொடுத்து, அந்த அனுமதி இருக்கும் ஃபெசிலிட்டி கிளாஸை ரெஃப்ரெஷ் செய்ததும் இணைப்பு கிடைத்தது. திரும்ப டிரேஸ் எடுத்தேன். 17 03 03 என்ற டிஎல்எஸ் தரவுத் தலைப்பு, அதற்குப் பின்னால் ஒன்றும் புரியாத பைட்டுகள். எவ்வளவு நிம்மதி தெரியுமா.

கோலகங்சார் அண்ணன்:

நல்லா எழுதியிருக்கீங்க தங்கச்சி. எங்க கதை வேற. கிளையன்ட் முதல்ல மறைப்பில்லாம ஒரு வரி பேசும், அப்புறம்தான் டிஎல்எஸ்ஸுக்கு மாறணும். வெறும் ரூல் போட்டா சர்வர் எடுத்தவுடனே ஹேண்ட்ஷேக்கை எதிர்பார்த்து இணைப்பை அறுத்துடுது. ரூல்ல அப்ளிகேஷன் கன்ட்ரோல்ட் ஆன் வச்சு (எப்போ தொடங்கணும்னு புரோகிராமே சொல்லும்), புரோகிராமுக்குள்ள ஐஆக்டில்ங்கிற அழைப்பைப் போட்டு நாங்களே தொடங்கி வைக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் 435ங்கிற பிழை. கிளையன்ட் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்ட சிஏ (சான்றிதழ் தரும் அமைப்பு) எங்க ரிங்ல இல்லை. அது பத்து நிமிஷ வேலை.

ஒண்ணு கேக்கணும். மறைப்பில்லாத பழைய போர்ட்டை மூடிட்டீங்களா?

தோட்டத்து மகள்:

இன்னும் இல்லை அண்ணே. அதே புரோகிராமின் இன்னொரு நகலைப் புது போர்ட்டில் ஓடவிட்டு, கிளைகளை ஒவ்வொன்றாக மாற்றுகிறோம். இரண்டு கிளை பாக்கி. அதுவரை அந்த இரண்டு கிளைக்காரர்களின் ஐசி நம்பர் அப்படியேதான் போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி அவர்களையும் மாற்றிவிட்டுப் பழைய போர்ட்டை நானே மூடுகிறேன்.