புதுப்பிப்பு: கண்ணாடிக் குடிலில் கள்ளிகள் பூத்தாச்சு

என் மாமில்லேரியா கள்ளியின் உச்சியைச் சுற்றித் தெரிகிற சிவப்புப் புள்ளிகள் மொட்டா, பக்கத்தில் முளைக்கிற குட்டிச் செடியா என்று பிப்ரவரியில் கேட்டிருந்தேன். மொட்டேதான். போன வருடம் வளர்ந்த பகுதியில்தான் இந்த வகை பூக்கும், அதனால்தான் நட்டநடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி வளையமாக வருகிறது.

ஆனால் முந்திக்கொண்டது டர்பினிகார்பஸ் வால்டெசியானஸ் என்கிற இன்னொரு கள்ளி. மெக்சிகோக்காரர், கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசு, மார்ச் தொடக்கத்திலேயே செடி தெரியாத அளவுக்கு ரோஸ் நிறப் பூ! வெயில் வந்தால் விரியும், மேகம் மூடினால் சுருங்கும், இங்கிலாந்து மார்ச்சில் இதைப் படமெடுக்கப் பொறுமை வேண்டும்.

மொட்டு வந்ததுமே தண்ணீர் ஊற்றச் சிலர் சொன்னீர்கள். நான் ஊற்றவில்லை. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வேர் அழுகிவிடும் என்பது ஒன்று, அப்புறம் நவம்பரிலிருந்து 5 டிகிரிக்குக் கீழே போகாமல் ஹீட்டர் வைத்து, காயப்போட்டு ஓய்வு கொடுத்ததால்தான் இவ்வளவு மொட்டு என்பது என் கணிப்பு. மார்ச் நடுவில், வெயிலடித்த ஒரு காலையில் லேசாகத் தொடங்கினேன்.

விதை கேட்டவர்களுக்கு: மாமில்லேரியாவில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தில் காய்க்காது, இரண்டு செடி வேண்டும். என்னிடம் ஒன்றுதான். ரெபூட்டியா என்கிற இன்னொரு கள்ளி அடிப்பக்கத்தில் இப்போதுதான் மொட்டு விடுகிறது, விரிந்ததும் படம் போடுகிறேன்.